புகை இல்லாமல் வந்த ரயில்

எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். இருந்தாலும் இதை நானே எழுதுகிறேன். திருமங்கலம் பக்கம் எங்கள் வயலுக்குத் தண்டவாளம் தாண்டிப் போக வேண்டும். தூரத்தில் கரி எஞ்சின் புகை தெரிகிறதா என்று பார்த்துத்தான் தாண்டுவோம். அன்று வைக்கோலோடு வீடு திரும்பும்போது புகையே இல்லை.

“வா தாயி, வண்டி இல்ல” என்று மருமகளிடம் சொல்லி முன்னால் தாண்டினேன்.

திரும்பினால், புதிதாக விட்ட டீசல் வண்டி வளைவில் வந்துவிட்டது. “ஓடியா!” என்று கத்தினேன். அவள் தலையிலிருந்த வைக்கோல் கட்டு காதை மூடியதால் கேட்கவில்லை. பாய்ந்து கையைப் பிடித்து இழுத்தேன். வைக்கோல் மட்டும் சக்கரத்தில் சிதறியது.

டிரைவர் வண்டியை நிறுத்தி, “ஏத்தா, கண்ணு தெரியலையா?” என்றார்.

“புகையில்லாம வந்தா எவனுக்குய்யா தெரியும்?” என்றேன்.

மருமகள், “வண்டி இல்லன்னு நீங்கதான சொன்னீக, அத்தே” என்றாள்.

இப்போதெல்லாம் சுமையை இறக்கிவைத்து, இருபுறமும் தண்டவாளத்தையே பார்க்கிறேன். அவள் தாண்டிய பிறகுதான் நான் தாண்டுகிறேன்.