இடது கண் அத்தானுடையது

அத்தானை எனக்கு ரொம்ப காலம் பிடிக்காது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. எதற்கும் எதிர்த்துப் பேசாத ஆட்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். அவர் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு குமாஸ்தா. தண்ணீர் வரவில்லை, வந்தாலும் கலங்கலாக வருகிறது, குழாய் உடைந்து தெருவெல்லாம் ஓடுகிறது என்று வருகிறவர்களின் வசவை இருபத்தெட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டு, பெயரும் முகவரியும் எழுதிக்கொண்டு, "பார்க்கச் சொல்றேங்க" என்று அனுப்பிவைக்கிறவர். ஒருநாள் நான் ஏதோ கோபத்தில் கத்தியபோது என்னிடமும் "பார்க்கலாம்மா" என்றார். அக்கா எப்படித்தான் இந்த மனிதரோடு குப்பை கொட்டுகிறாளோ என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவுக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. பொய்ப்பல்லை வாயில் இருக்கும் நிஜப்பல்லின் நிறத்துக்குக் கொண்டுவருவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வெள்ளை என்று ஒரு நிறமே கிடையாது, பதினாறு வெள்ளை இருக்கிறது என்பாள். அவளிடம் பல் கட்டிக்கொண்ட ஒருவர், ஓய்வுபெற்ற நில அளவையாளர், கண்ணாடியில் தன் சிரிப்பை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இந்தக் கை பல்லோடு நிற்கக் கூடாது என்று சொல்லி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே கட்டைவிரல் உயரத்தில் உலோகக் குதிரைகள், மேலே வீரர்கள். நெப்போலியன் காலத்துக் குதிரைப்படை. அவரும் அவர் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய மேசையில் இவற்றை நிறுத்திப் போர் நடத்துவார்களாம். அன்றிலிருந்து அவருக்கு எங்கள் வீட்டில் ஜெனரல் என்று பெயர்.

குதிரைக்கும் வீரனுக்கும் வண்ணம் தீட்டுவது அக்கா. சட்டையின் மார்பில் குறுக்கே ஓடும் மஞ்சள் பின்னலை மூன்று முடி நிற்கும் தூரிகையால் இழுப்பாள். அவள் முடித்ததும் அத்தானின் முறை. குதிரையை ஒட்டுப்பலகைத் துண்டில் ஒட்டி, சுற்றிலும் வெள்ளைப் பசை தடவி, டீ வடிகட்டியில் சலித்த மணலைத் தூவி, காய்ந்ததும் பழுப்படித்து, அங்கங்கே செயற்கைப் புல்லை நட்டுவைப்பார். "என் உழைப்புல மண்ணள்ளிப் போடுறதுதான் இவர் வேலை" என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அத்தான் அதற்கும் சிரிப்பார். இருபது வருடம் அந்த மேசையில் இருவரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

பதினான்கு மாதத்துக்கு முன்பு அக்கா பல்கூடத்து நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தாள். பக்கவாதம். வலது கை பிழைத்தது, இடது கை தொங்கிப்போனது. அதையாவது புரிந்துகொள்ளலாம். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோனது. கண்ணில் கோளாறு இல்லை, கவனம்தான் அந்தப் பக்கம் போவதில்லை என்றார் டாக்டர். தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் போடு என்பாள். பாதித் தலையை வாரிக்கொண்டு, கிளம்பலாமா என்பாள். அத்தான் பேசாமல் தட்டைத் திருப்பி வைப்பார், மீதித் தலையை வாரிவிடுவார்.

காலையில் ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, அவளைக் குளிப்பாட்டி, அலுவலகத்துக்கு ஓடுவார். பகலில் நான். சாயங்காலம் மறுபடி அவர். எங்கள் இருவருக்கும் பேச்சு என்றால் மாத்திரை, துவைக்க வேண்டிய துணி, அடுத்த டாக்டர் தேதி, அவ்வளவுதான். பேருந்தில் நின்றபடியே தூங்கி இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வந்திருக்கிறார். எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? அக்காமேல் உயிரையே வைத்திருக்கிறேன், ஆனாலும் சில நாள் அவள் வீட்டுப் படியேறும்போது இன்று யாராவது எனக்குப் பதிலாக வந்துவிட மாட்டார்களா என்று இருக்கும்.

ஒன்பதாவது மாதத்தில் அக்கா தூரிகையைக் கேட்டாள். ஜெனரல் ஒரு படைப்பிரிவைக் கொடுத்துவைத்திருந்தார், முப்பத்தாறு குதிரைகள். அவசரமே இல்லை என்றும் சொல்லியிருந்தார். இடது கையால் பிடிக்க முடியாததால் மேசை ஓரத்தில் ஒரு சின்னப் பிடிப்பானைத் திருகிக் கொடுத்தார் அத்தான். வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு என்று குதிரைகள் அலமாரியில் ஏறின. எல்லாம் முழுசாக. பயிற்சி கொடுக்க வரும் பெண்ணுக்கு மட்டும் இது பிடிபடவில்லை. காகிதத்தில் பூ வரையச் சொன்னால் அக்கா பாதிப் பூதான் வரைகிறார், குதிரை மட்டும் எப்படி முழுசாக வருகிறது என்று என்னைக் கேட்டாள். கைப்பழக்கம் என்றேன், பெரிய மேதை மாதிரி.

மருத்துவச் சான்றிதழ் ஒன்றைக் கொடுக்க ஒருநாள் அத்தானின் அலுவலகத்துக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். பழைய கோப்புகள் அடுக்கிய அறையில் இருக்கிறார் என்றார்கள். அங்கே மேசையில் பல் செட் வைக்கும் பிளாஸ்டிக் டப்பாக்கள் நான்கு திறந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குதிரை. மூக்கு நுனியில் கண்ணாடியோடு, நாக்கைக் கடித்துக்கொண்டு, அத்தான் ஒரு குதிரைத் தலைக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்.

டப்பாவில் இருந்த மற்றொன்றை எடுத்துப் பார்த்தேன். இடது விலாவில் வால்புறம் மட்டும் பளபளத்தது, தலை வெறும் கறுப்பு அடிப்பூச்சு. திருப்பினால் தலைப்புறம் மட்டும் உயிரோடு இருந்தது, பிட்டம் கறுப்பு. எப்படித் திருப்பிப் பிடித்தாலும் அக்காவுக்கு எட்டியது அவள் கண்ணுக்கு வலப்பக்கம் வந்த பாதிதான். மீதியைப் பூசுவது இவர். ஒரே குதிரைக்கு வலது கண் அக்காவுடையது, இடது கண் அத்தானுடையது.

"காலையில கண்ணு முழிச்சதுலேர்ந்து அவளைத் திருத்திக்கிட்டேதான் இருக்கோம்," என்றார். "இந்தப் பக்கம் பாரு, அந்தப் பக்கம் பாருன்னு. இது ஒண்ணுலயாவது யாரும் அவளைத் தப்பு சொல்லாம இருக்கட்டுமே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விட்டதைத் தானே தேடிப் பார்த்தால்தான் மூளை அந்தப் பக்கம் திரும்பும் என்று அந்தப் பயிற்சிப் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இப்படிப் பூசிப் பூசி அக்காவின் வழியையே அடைக்கிறீர்கள் என்று கத்தினேன். அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டே "பார்க்கலாம்மா" என்றார். ஆனால் நானும் அக்காவிடம் போய் வாயைத் திறக்கவில்லை. அவரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கும் இல்லை.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம், ஜெனரலைக் கூப்பிட்டு மீதிக் குதிரைகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல் என்றாள் அக்கா. தூரிகைகளையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள். இருபத்து நான்கு முடிந்திருந்தது, பாக்கி பன்னிரண்டு. ஏன் என்று கேட்டேன். மேசையில் எக்காளம் ஊதுகிறவனின் குதிரை நின்றது. படையில் அவன் குதிரை மட்டும்தான் வெள்ளை. அதைக் காட்டி, "இந்த மூஞ்சியைப் பாருடி" என்றாள். "சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. கண்ணு பாரு, ஆட்டுக்கண்ணு. எனக்குக் கை போயிடுச்சு. போனவாரம்தான் கவனிச்சேன். அப்புறம் பார்த்தா எல்லாத்துலயும் இப்படித்தான் இருக்கு. இவர் பாவம், நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்காரு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் இடது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கற்றுக்கொண்டிருந்தாள். அங்கே போய்ப் பார்த்தால் அத்தானின் கைவேலை நின்றுகொண்டிருக்கிறது, அதைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டாள். தேறி வந்த வாரத்திலேயே விட்டுவிடப் பார்க்கிறாள்.

அத்தான் சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. பார்க்கலாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொன்னால் அன்று அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அவர் வந்து அவளுக்கு வலது பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அது உன் கை இல்ல," என்றார். "நான் பூசினது. நீ பாதிதான் பூசற. எல்லாத்துலயும் பாதிதான். மீதியை நான் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போய்ப் பூசிக் கொண்டாந்து வெச்சேன்."

அக்கா வெள்ளைக் குதிரையை விளக்கடிக்கு இழுத்துப் பார்த்தாள். பிறகு அலமாரியில் இருந்ததையெல்லாம் எடுத்துவரச் சொன்னாள். இருபத்து நான்கையும் மேசையில் பரப்பினேன். ஒவ்வொன்றாக விளக்கடியில் வைத்து, ஒவ்வொரு இடமாக விரலால் தொட்டு, இது யார் என்று கேட்டாள். இந்தக் கண்? நான், என்றார் அத்தான். இந்தக் கழுத்து? நான். இந்த வால்? அது நீ. பிடரி? அதில் இந்தப் பாதி நீ. குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவர் மாதிரி ஒன்றுவிடாமல் சொன்னார். பதினைந்தாவது குதிரையில் அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.

முடித்துவிட்டு, "அப்ப பாதிதான் போயிருக்கு," என்றாள். "கை இருக்கு."

அத்தான் எழுந்து உள்ளே போனார். சற்று நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். கட்டிலில் சட்டையைக்கூடக் கழற்றாமல் கவிழ்ந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மணி ஏழுகூட ஆகவில்லை. வெளியே தெருவில் பிள்ளைகள் இன்னும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இந்த மனிதர் இந்த நேரத்தில் படுத்து நான் பார்த்ததே இல்லை.

சாப்பிட எழுப்பட்டுமா என்று அக்காவைக் கேட்டேன். வேண்டாம் என்றாள். எக்காளக்காரனின் வெள்ளைக் குதிரையைப் பிடிப்பானில் மாட்டி, வண்ணம் கரைக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்துத் தரச் சொன்னாள்.

"தூங்கட்டும். அவர் பூசினதையெல்லாம் அழிச்சுட்டுத்தான் நான் பூசணும். முழிச்சிருந்தா பார்த்து வருத்தப்படுவாரு," என்றாள். பஞ்சை வலது கையில் பிடித்துக்கொண்டு குதிரையின் வால்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ பக்கத்துல உட்காரு. அந்தத் தலை எங்க இருக்குன்னு மட்டும் எனக்குச் சொல்லிக்கிட்டே இரு."