கால் பார்க்கும் வாட்ச்மேன்

கரடியூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் நான் கணக்கெழுதும் ரைட்டராகச் சேர்ந்தது நல்ல மழைக்காலம். முதல் நாளே எனக்கு உத்தரவு போட்டவர் முதலாளி அல்ல, கேட்டில் நின்ற வாட்ச்மேன். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். மீசை நரைத்திருந்தது, பூட்ஸ் மட்டும் புதுசு போல மின்னியது.

"ஏனுங்க ரைட்டரு, காலக் காட்டுங்க."

தோட்டத்திலிருந்து வருகிற எல்லோரையும் அப்படித்தான் நிறுத்துவார். அட்டை கடித்திருந்தால் உப்பு வைப்பார். விரலிடுக்கு ஈரமாக இருந்தால் தன் துண்டையே நீட்டுவார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் மதியம் கேட்டே விட்டேன். "பட்டாளத்துல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

அவர் கோபப்படவில்லை.

"மொத சண்டையில குண்டு பட்டவனவிட, பனியில காலு செத்து உழுந்தவந்தாங்க நொம்ப. பாதிப் பேரு நடு மலையிலயே நின்னுட்டாங்க. அப்பறம் பத்து வருசம் சண்டையே இல்லீங்க. ஆனா தெனமும் சாயங்காலம் ஆபீசரே மண்டி போட்டு எங்க காலப் பாப்பாருங்க. நாங்க சிரிப்போம். அடுத்த சண்டையில ஒருத்தங்கூட நடு மலையில நிக்கலீங்க. அத்தன பேரும் உச்சிக்கு ஏறிட்டமுங்க."

"அத்தன பேரும் எறங்கி வந்தீங்களா?"

அவர் குனிந்து, நனைந்திருந்த என் சாக்ஸைத் தானே கழற்றி, டீ கொதித்துக்கொண்டிருந்த அடுப்புக்குப் பக்கத்தில் காயப் போட்டார்.

மறுநாளிலிருந்து, அவர் கேட்பதற்கு முன்பே நான் காலை நீட்டிவிடுவேன்.