முதல் மடக்கு மகிழினிக்கு

வியாசர்பாடி குடியிருப்பில் குழாய்த் தண்ணீர் சில நாள் தெளிவாக வரும், சில நாள் கலங்கி வாடையோடு வரும். மகிழினி முதல் மடக்கைத் தான் குடித்துப் பார்த்த பிறகுதான் குடத்தை வைப்பாள். பத்து வயதிலிருந்து அப்படித்தான். அண்ணன் நிலவன் எத்தனை முறை திட்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை. பத்தாவதோடு நின்றுவிட்ட நிலவனுக்கு, பி.காம். முதல் வகுப்பில் தேறிய தங்கை திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்த தேதி மனப்பாடம். அவள் வேலை நிரந்தரமாக இன்னும் இருபத்திரண்டு நாள்தான் இருந்தது.

அந்த யார்டில் எந்த ட்ரெய்லர் எப்போது துறைமுகத்துக்குப் போகும் என்ற வரிசை பதினெட்டு வருஷமாக, கேட்டிலிருந்து வண்டிகளை அனுப்பும் லட்சுமணனின் தலைக்குள் இருந்தது. மகிழினி சேர்ந்த மாதம் அது எல்லோரும் செல்போனிலேயே பார்க்கும் மென்பொருளுக்குப் போனது. அதில் லட்சுமணனும் மகிழினியும் மட்டும் அட்மின். வரிசையை மாற்றுவதும், யாருக்கு என்ன அதிகாரம் என்று வைப்பதும் அவர்கள் இருவர் கையில். மற்றவர்கள் வியூவர், பார்க்கலாம், தொட முடியாது.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேனேஜர் பெர்சிஸ் அவளை மாடியில் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"டிரைவர் தாவூது வண்டிய நாலு வண்டிக்கு முன்னால ஏத்திவிட்டது லட்சுமணன்தானே?"

"தாவூது சம்சாரத்துக்கு அன்னிக்குப் பிரசவ வலி மேடம். சீக்கிரம் எறக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு..."

"காரணம் எனக்கும் தெரியும்லா. பின்னால நின்ன நாலு பேரும் ஹெட் ஆபீஸுக்கு எழுதிட்டாங்க. மூணு மணிக்கு மீட்டிங். அதுக்குள்ள லட்சுமணனை வியூவராக்கிரு. அவர்ட்ட நான் அப்புறம் சொல்லிக்கிடுதேன்."

மகிழினி தலையாட்டிவிட்டு இருக்கைக்கு வந்தாள். லட்சுமணனின் பெயர் மேல் விரலை வைத்தபோது ஒரு சந்தேகம் வந்தது. வியூவருக்கு டிரைவர்களின் செல் நம்பர் தெரியுமா? அதுவும் மறைந்துவிட்டால் அந்த மனிதர் யாரைக் கூப்பிட்டு எங்கே நிற்கச் சொல்வார்? சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

முதலில் தன் பெயருக்கு நேரே இருந்த அட்மினை வியூவராக மாற்றிப் பார்த்தாள். நம்பர்கள் தெரிந்தன. நிம்மதியோடு பழையபடி மாற்றப் போனால், மாற்றுகிற இடமே திரையில் இல்லை. வியூவரால் யாரையும் மாற்ற முடியாது, தன்னையும் சேர்த்து.

மணி இரண்டு இருபது. மிச்சமிருந்த ஒரே அட்மின் லட்சுமணன். பெர்சிஸிடம் போய்ச் சொன்னால் இருபத்திரண்டு நாளும் அதோடு சரி.

'தெரியாம கை பட்டுடுச்சிண்ணா.' கேட் வரை நடந்த அந்த நூறடியும் மகிழினி இதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனாள்.

கேட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் லட்சுமணன்.

"இன்னாம்மா மகிழு, மூஞ்சி பேஜாரா கீது?"

"என்னைத் திரும்ப அட்மினாக்கணும்ணா. நானே என்னை வியூவராக்கிக்கிட்டேன்."

"உன்னை நீயே எறக்கிக்கினியா? சாவிய உள்ள வெச்சிட்டு கதவ சாத்திகினு நிக்கிறவளாட்டம் கீறியே!"

சிரித்துக்கொண்டே அவர் பட்டியலில் அவள் பெயரைத் தேடினார். ஏன் என்று கேட்கவே இல்லை. தயாராக வைத்திருந்த பொய்யைச் சொல்லக்கூடத் தேவையில்லை. அவர் தருகிற அதிகாரத்தை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய், அதாலேயே அவரை இறக்கிவிடலாம்.

"இருங்கண்ணா" என்றாள். "உங்களை வியூவராக்கச் சொல்லியிருக்காங்க. உங்களுக்கு நம்பர்லாம் தெரியுமான்னுதான் மொதல்ல எனக்குப் போட்டுப் பார்த்தேன்."

அவர் விரல் நின்றது. கேட்டுக்கு வெளியே நின்ற வண்டிகளைப் பார்த்தார்.

"தாவூது மேட்டரா?"

"ஆமாண்ணா."

"அவனுக்கு இன்னா கொழந்த, தெரியுமா?"

"தெரியாதுண்ணா."

"பொண்ணு."

அவர் விரல் மறுபடி நகர்ந்தது. "உன் பேருக்கு நேரா அட்மின்னு வந்துச்சா, பாரு."

"வந்துடுச்சிண்ணா."

"இப்ப என்னை எறக்கு. மேல போயி செய்யாத. இங்கியே செய்யி. நான் பாக்கணும்."

மகிழினி தன் செல்போனில் அவர் பெயரைத் தேடினாள். விரல் இரண்டு முறை வேறு பெயரில் பட்டது. இரண்டு நாற்பத்தாறுக்கு லட்சுமணன் வியூவர் ஆனார்.

"நம்பர் தெரியுதாண்ணா?"

"அதத்தான் நீயே பாத்துட்டியே."

அப்போது கேட்டில் நின்ற ட்ரெய்லரிலிருந்து ஜெயவேல் தலையை நீட்டினான். "மாமு, நம்ம வண்டி எப்போ?"

லட்சுமணன் பழக்கத்தில் டேப்பின் மேல் விரலை இழுத்தார். வரிசை அசையவில்லை. டேப்பைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

"மேடத்தக் கேளுப்பா."

பதினொரு மாதத்தில் அவர் அவளை ஒரு நாளும் மேடம் என்று சொன்னதில்லை. ஜெயவேலின் வண்டி வரிசையில் ஏழாவது. அதை மகிழினி லட்சுமணனைப் பார்த்தபடியே ஜெயவேலுக்குச் சொன்னாள்.