தேவதாஸின் மூன்றாவது லோடு

என் வீட்டுக்காரர் தேவதாஸ் விமானம் ஓட்ட ஆரம்பித்த கதையை அவர் வாயால் பலர் கேட்டிருப்பார்கள். சொல்லும்போது ஒரு விஷயத்தை மட்டும் அவர் விட்டுவிடுவார். அந்தக் காரியத்தைச் செய்த புண்ணியவதி நான்தான், அதனால் நானே சொல்கிறேன்.

எனக்கு நர்ஸ் வேலை கிடைத்து 1983-இல் நியூ ஜெர்சி வந்தோம். பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்த மனுஷன் எடிசனில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினார். ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. சனிக்கிழமையானால் பக்கத்து ஏர்ஃபீல்டுக்குப் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்புறம் வேலிக்கு உள்ளே போனார். நான்கு வருஷத்தில், சம்பளத்துக்கு ஓட்டுகிற லைசென்ஸ் வரைக்கும் வாங்கிவிட்டார். என்ன பிரயோசனம்? ஆயிரம் மணி நேரம் ஓட்டியவனைத்தான் கம்பெனிகள் கூப்பிடும். இவரிடம் இருந்தது இருநூற்று எழுபது. வயதோ முப்பத்தெட்டு. மணிக்கணக்கை ஏற்றிக்கொள்ள ஒரே வழி, பாராசூட் கட்டிக் குதிக்கிறவர்களை மேலே கொண்டுபோய் விடுகிற சின்ன விமானம்.

"நல்லா பறக்குற பிளேன்ல இருந்து எவனாவது குதிப்பானா? அந்தக் கிறுக்கனுங்களுக்கு டிரைவரா நீங்க?" என்று கத்தினேன். அவர் பாட்டுக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

1987 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று முழுக்க ஓட்டிக் காட்ட வேண்டும். முதலாளி வால்ட்டுக்குப் பிடித்தால் வேலை, இல்லாவிட்டால் திரும்பவும் பெட்டிதான். ஆராதனை முடிந்த கையோடு நானும் போனேன். கோயிலில் நான் என்ன ஜெபம் பண்ணினேன் என்பதையும் மறைக்கவில்லை. இந்த வேலை கிடைக்கக் கூடாது ஆண்டவரே என்றுதான்.

அந்தச் சின்ன செஸ்னா விமானத்தில் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் சீட். குதிக்கிற நாலு பேரும் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து போவார்கள். பத்தாயிரம் அடியில் அவர்கள் குதித்ததும் இவர் தனியாக மூக்கைக் கீழே சாய்த்து விறுவிறுவென்று இறங்க வேண்டும். அடுத்த நாலு பேர் தயாராக நிற்பார்கள். அந்த ஒரு நடைக்கு ஒரு லோடு என்று பேர். இரண்டு லோடு முடிந்து மணி இரண்டாகிவிட்டது. மனுஷன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

"அப்புறம் ஜெபா, வால்ட் பாக்கறார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விமானத்துக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார்கள், இவர் பாத்ரூம் போயிருந்தார். எல்லாரும் குதித்தபின் தனியாகத்தானே வருகிறார், வரும் வழியில் சாப்பிடட்டுமே என்று, தயிர்சாதம் இருந்த எவர்சில்வர் டப்பாவை அவர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன். ரயிலில் வைப்பதில்லையா, அந்த நினைப்புதான். திரும்பி வந்தவரிடம் சொல்வதற்குள் வால்ட் அவசரப்படுத்த, குனிந்துகூடப் பார்க்காமல் ஏறிவிட்டார்.

நாலு பாராசூட்டும் விரிந்து பத்திரமாகத் தரைக்கு வந்தன. பின்னாலேயே விமானமும் வந்தது. ஓடுபாதைக்கு மேலே வந்ததும் இறங்காமல் கோணலாகத் திரும்பி மறுபடி மேலே ஏறியது. காற்று பக்கவாட்டில் பலமாக அடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவையும் அதே கதை. வால்ட்டின் கையிலிருந்த ரேடியோவில் தேவதாஸ் குரல் கேட்டது.

"வலது பெடல் இறங்கலை. கேபிள் சிக்கிட்டுது போல. என்னால குனிஞ்சு பாக்க முடியலை."

காலால் மிதிக்கிற அந்தப் பெடலும் கேபிளும்தான் வாலில் இருக்கிற சுக்கானைத் திருப்பும், அது இல்லாமல் இந்தக் காற்றில் நேராக இறங்க முடியாது, விமானம் புரண்டுவிடும் என்று பக்கத்தில் ஒருவன் சொன்னான். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கேபிள் இல்லை. டப்பா. உருண்டை டப்பா. மூக்கைச் சாய்த்து இறங்கும்போது உருண்டு போயிருக்கிறது.

சொன்னால் வேலை போச்சு, அதுவும் என் கையால். சொல்லாவிட்டால்? கர்த்தாவே, ஒரு நிமிஷம் வாயைத் திறக்காமல் நின்றேன் நான். அந்த ஒரு நிமிஷத்துக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"கேபிள் இல்ல! லஞ்ச் பாக்ஸ்! ஸ்டீல்! நான்தான் சீட் கீழ வெச்சேன்!" என்று வால்ட்டின் சட்டையைப் பிடித்துக் கத்தினேன்.

வால்ட் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். அடுத்த நொடியே ரேடியோவில் சொன்னார்: "கேபிள் நல்லா இருக்கு. பெடலுக்கு முன்னால ஒரு டப்பா மாட்டியிருக்கு. இடது பெடலை அழுத்து, வலது பின்னால வரும். அப்புறம் மூக்கைத் தூக்கு, உருண்டு பின்னால போயிடும்."

மேலே விமானம் ஒரு பக்கமாகத் திரும்பி, மூக்கைத் தூக்கியது. எஞ்சின் சத்தம் தேய்ந்தது. நின்றே போனதாக நினைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"பெடல் ஃப்ரீ," என்றது ரேடியோ.

இறங்கி வந்தபோது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. டப்பாவை எடுத்துத் தரையில் வைத்தார். வால்ட் கத்திய கத்தலில் மைதானமே திரும்பிப் பார்த்தது. "நான்தான்..." என்று நான் குறுக்கே போக, தேவதாஸ் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"யார் வெச்சாங்கங்கிறது முக்கியமில்ல வால்ட். பாக்காம ஏறினது நான். என் தப்பு."

வால்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "அடுத்த லோடு ரெடியா நிக்குது. போறியா?" என்றார்.

வேண்டாங்க, வீட்டுக்குப் போயிடலாம் என்று நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். தேவதாஸ் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஜெபா, நீ உள்ள பாத்துச் சொல்லு. நீ சொன்னாத்தான் ஏறுவேன்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, முழங்கால் போட்டு, சீட்டுக்கு அடியில், பெடலுக்கு முன்னால், மூலை முடுக்கெல்லாம் கைவிட்டுத் துழாவினேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பிறகு இறங்கினேன்.

"ஒண்ணும் இல்லங்க. போயிட்டு வாங்க."