பின்னிருக்கையில் ஓர் ஓட்டுநர்

சி. டெய்சி. பிறப்பு: 5 ஆகஸ்ட் 1974, கோட்டுச்சேரி. திருமணம்: 25 மே 1998. வசிப்பது காரைக்காலை அடுத்த கோவில்பத்து. பணி: தனியார் பள்ளி ஒன்றில் அலுவலக உதவியாளர், 2004 முதல். கணவர்: சிலுவைராஜ், பிறப்பு 1967, காரைக்கால்–சிதம்பரம் தடத்தில் தனியார் பேருந்து ஓட்டுநராக 1996 முதல் 2023 நவம்பர் வரை இருந்தவர். ஒரே மகள் ஜோவிதா திருமணமாகி ஓசூரில் இருக்கிறார். 2025 அக்டோபர் 8 அன்று டெய்சியின் பெயரில் ஒரு ஸ்கூட்டர் பதிவாயிற்று. அதைத் தேர்ந்தெடுக்க அவருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது. இக்குறிப்பு அந்த ஒரு மாதத்தைப் பற்றியது.

சிலுவைராஜ் பேருந்தை விட்டதற்குக் காரணம் கண். நேரே பார்க்கும் பார்வை தெளிவாகவே இருந்தது; பக்கவாட்டுப் பார்வைதான் அவருக்கே தெரியாமல் குறைந்து வந்திருக்கிறது. ஒருநாள் சீர்காழி நிலையத்துக்குள் பேருந்தைத் திருப்பியபோது இடப்பக்கம் நின்ற இளநீர் வண்டி அவர் கண்ணில் படவேயில்லை. நடத்துநர் கத்தியதால் ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலையே உரிமையாளரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறியிருப்பதைச் சிதம்பரத்தில் ஒரு கண் மருத்துவர் கண்டுபிடித்தார். போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்தும் மாதாந்திரச் சோதனையும் தவறாமல் நடந்தால் இருக்கும் பார்வை தங்கும் என்றார். அழுத்தம் பதினெட்டுக்குக் கீழே நிற்க வேண்டும் என்பது அவர் விதித்த எல்லை.

காரைக்காலிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்துகளுக்குக் குறைவில்லை. முதல் ஒன்றரை ஆண்டு இருவரும் பேருந்தில்தான் போய்வந்தார்கள். எதில் ஏறினாலும் ஓட்டுநர் தெரிந்தவராக இருப்பார். “அண்ணே, முன்னாடி வாங்க” என்று எஞ்சினை ஒட்டிய இருக்கையைக் காலி செய்து தருவார். நடத்துநர் டிக்கெட் கிழிக்க மாட்டார். அந்த மரியாதையைத்தான் சிலுவைராஜால் தாங்க முடியவில்லை. இருபத்தேழு ஆண்டுகள் தாம் ஓட்டிய சாலையில் இன்னொருவர் ஓட்ட, அதை முன் கண்ணாடி வழியே பாதியாகப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் நிலையம் வரை போய்த் திரும்பிவிட்டார். ஆகஸ்டில் வீட்டை விட்டே கிளம்பவில்லை. செப்டம்பர் 6 அன்று டெய்சி வாடகைக் கார் பிடித்தார். வழிநெடுக “லைட்ட போடு”, “லாரிக்கு வழி விடு”, “கொள்ளிடம் பாலத்துல எதுக்கு இந்த வேகம்” என்று சிலுவைராஜ் சொல்லிக்கொண்டே வந்ததில், இறங்கும்போது அந்த ஓட்டுநர் டெய்சியிடம் தனியாகச் சொன்னார்: “அடுத்த மாசம் வேற ஆளப் பாத்துக்கிங்கக்கா. எனக்கே வண்டி ஓட்டத் தெரியாதோன்னு சந்தேகம் வந்துடுச்சு.”

அன்று அளந்ததில் அழுத்தம் வலது கண்ணில் இருபத்தேழு, இடது கண்ணில் இருபத்தாறு. இன்னும் இரண்டு மாதம் இப்படியே விட்டால் நேர்ப்பார்வையும் போய்விடும் என்று மருத்துவர் எச்சரித்தார். அடுத்த சோதனைக்கு அக்டோபர் 11 என நாள் குறித்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் டெய்சி விஷயத்தை எடுத்தார். “ஒரு ஸ்கூட்டர் வாங்கப் போறேன். நான் ஓட்டுறேன், நீங்க பின்னாடி உக்காருங்க. பஸ்ஸும் வேணாம், காரும் வேணாம்.”

“வச்சிருக்கியே ஒண்ணு.”

“அது பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும். லாரி தாண்டிப் போனா அது என்னைய விட்டுட்டு லாரி பின்னாடியே போவப் பாக்குது.”

“நீ நண்டலாறு தாண்டி, தமிழ்நாட்டுக்குள்ள ஓட்டியிருக்கியா?”

“நீங்க பொறக்கும்போதே பஸ்ஸோடவா பொறந்தீங்க?”

சிலுவைராஜ் சம்மதம் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டில் இருக்கும் என்னிடம் டெய்சி கேட்டது ஓர் அட்டவணை. எட்டு வண்டிகளின் எடை, எஞ்சின் அளவு, சக்கர விட்டம், பிரேக்கின் வகை, இருக்கையின் உயரம் ஆகியவற்றைக் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மேலிருந்து கீழே ஒருமுறை விரலோட்டிவிட்டு, “இதுல அவரு எங்க தம்பி உக்காந்திருக்காரு?” என்று கேட்டார். பின்னால் உட்காருபவருக்கென்று அட்டவணையில் ஒரு கட்டமும் இல்லை. நிறுவனங்கள் தரும் விவரத்தாளிலும் அப்படி ஒன்று இல்லை. அங்கே இருப்பது சுமக்கக்கூடிய மொத்த எடை மட்டுமே.

காரைக்காலில் வண்டி வாங்குபவர்கள் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். சாலை நேரானது, வழவழப்பானது, குறுக்கே எதுவும் வராது. காற்று முகத்தில் படும். எந்த வண்டியும் நல்ல வண்டியாகத் தோன்றும். டெய்சியும் அங்கேதான் போனார். கடையின் விற்பனையாளர் தமிழ்ச்செல்வன் பின்னால் உட்கார, நூற்றுப் பத்து சி.சி. கொண்ட இலேசான வண்டி ஒன்றைக் கலங்கரை விளக்கம் வரை ஓட்டித் திரும்பினார். கால் இரண்டும் தரையில் நன்றாக ஊன்றின. தாங்கியில் ஏற்றி நிறுத்தவும் சிரமம் இல்லை.

“உங்க ஒசரத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குக்கா” என்றார் தமிழ்ச்செல்வன். “நான் பின்னால இருந்ததே தெரிஞ்சிருக்காதே?”

“தெரியவேயில்ல தம்பி.”

முன்பணம் கட்டப் பையைத் திறந்தவர் பாதியில் நிறுத்தினார். பின்னால் ஆள் இருந்தது தெரியவில்லை என்ற சொல்தான் அவரை நிறுத்தியது. தமிழ்ச்செல்வன் நாள்தோறும் பலர் பின்னால் உட்கார்ந்து பழகியவர். வளைவில் வண்டியோடு சாய்வார், பிரேக் பிடித்தால் முன்னால் சரிய மாட்டார். சிலுவைராஜோ இருசக்கர வண்டியில் யார் பின்னாலும் உட்கார்ந்தவர் அல்லர். தம் திருமணத்தன்று கோட்டுச்சேரியிலிருந்து மணமக்களை ஏற்றி வந்த காரையே அவர்தான் ஓட்டினார் என்பது அந்தக் குடும்பத்தில் இன்றும் சொல்லப்படும் செய்தி.

செப்டம்பர் 27, சனிக்கிழமை, டெய்சி கணவரைக் கடைக்கு அழைத்தார். “சுமை ஏத்திப் பாக்க நான் என்ன மூட்டையா?” என்று முதலில் மறுத்தார். “வண்டியப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நீங்க வந்து சொல்லுங்க” என்று டெய்சி கேட்டதும் கிளம்பிவிட்டார். கேட்டதில் பாதி தந்திரம் என்று பிறகு டெய்சியே என்னிடம் ஒப்புக்கொண்டார். மீதிப் பாதி உண்மைதான்.

கடையில் சிலுவைராஜின் முகமே மாறிவிட்டது. ஒவ்வொரு வண்டியிலும் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தார், கைப்பிடியை முறுக்கினார், பிரேக்கை அழுத்தி விட்டார். பின்பாகம் தூக்கலாக இருந்த சிவப்பு வண்டி ஒன்றில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். “இதான் இழுக்கும். ஓவர்டேக் எடுத்தா தயங்காது.”

டெய்சி அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினார். “பின்னாடி உக்காருங்க.”

“என்னா?”

“நீங்க உக்காரப்போற எடம் அது. அதச் சொல்லுங்க எனக்கு.”

அங்கிருந்த தமிழ்ச்செல்வன் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். சிலுவைராஜ் கைப்பிடியை விட்டார். இறங்கினார். பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் தம் முழங்காலிலேயே வைத்துக்கொண்டார்.

முதலில் அந்த இலேசான வண்டியையே எடுத்தார்கள். இம்முறை கடற்கரைப் பக்கம் போகாமல், கோட்டுச்சேரி தாண்டிப் பூவம் வரை தேசிய நெடுஞ்சாலையில் போவதாகத் திட்டம். குறுவை அறுவடைக் காலம். சாலையின் இடப்பக்கத்தில் ஆங்காங்கே நெல்லைக் காயப்போட்டு, ஓரத்தில் செங்கல் வைத்து எல்லை கட்டியிருந்தார்கள். கோட்டுச்சேரி தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு பேருந்து நெருங்கி ஒலி எழுப்பியது. எதிரே ஒரு டிராக்டர் வந்தது. டெய்சி கைப்பிடியைத் தளர்த்தி வேகத்தைக் குறைக்கத் தொடங்கிய அதே நொடியில் சிலுவைராஜின் வலது கால் ஓங்கி மிதித்தது. மிதித்தது பின்னால் இருப்பவருக்கான சிறு கால்தாங்கியை. அது உயரத்தில் இருந்ததால் மிதித்த வேகத்தில் அவர் இருக்கையை விட்டே எழும்பினார். அவர் எடை முழுவதும் வலப்பக்கம் போயிற்று. வண்டி பேருந்தை நோக்கிச் சாய்ந்தது. டெய்சி இடப்பக்கம் இழுத்தார். செங்கல் ஒன்று தெறித்தது. வண்டி நெல்லுக்குள் புகுந்து, சக்கரம் வழுக்கி, விழாமல் நின்றது. பேருந்து உரசாமல் கடந்து போயிற்று.

இருவரும் இறங்கினார்கள். டெய்சி வண்டியைத் தாங்கியில் நிறுத்தினார்.

“எதுக்குங்க மிதிச்சீங்க?”

“பிரேக்கு.”

“அங்க ஏது பிரேக்கு?”

“கால் கேக்கல டெய்சி.”

“எடது காலும் மிதிச்சிச்சே. அது என்ன?”

சிலுவைராஜ் கொஞ்சம் தயங்கினார். “கிளச்சு.”

டெய்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதற்குள் நெல்லுக்குச் சொந்தக்காரரான நீலகண்டன் கையில் நெல் தள்ளும் பலகையோடு ஓடிவந்தார். “ஏம்மா, கண்ணு தெரியல? இம்மாம் பெரிய ரோட்ட விட்டுட்டு நெல்லுல வந்து ஏத்துறீங்க?” என்று தொடங்கியவர் சிலுவைராஜைப் பார்த்ததும் குரலை மாற்றினார். “அட, டிரைவரண்ணனா! அவ்ளோ பெரிய பஸ்ஸ கொண்டாருவீங்க, ஒருநாளு எங்க நெல்ல மிதிச்சதில்லையே. யாருண்ணே ஓட்டுனது?”

பழியை மனைவி மேல் போட அது எளிய வாய்ப்பு. தாமே ஓட்டியதாகச் சொல்லிக்கொள்ளவும் வழி இருந்தது. சிலுவைராஜ் சரிந்து கிடந்த நெல்லைக் காலால் ஒதுக்கிக்கொண்டே சொன்னார்: “அவதான் ஓட்டுறா. நல்லாத்தான் ஓட்டுனா. நான் பின்னாடி உக்காந்து மிதிச்சேன். எனக்கு இப்ப பக்கத்துல வர்றது தெரியாது, நீலகண்டன். அதான்.”

வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் அவர் அதைச் சொன்னது அதுவே முதல்முறை என்பது டெய்சியின் நினைவு. நீலகண்டன் பலகையால் நெல்லை இழுத்துச் சரிசெய்தபடி, “போற வண்டியில மிதிக்காம போங்கண்ணே” என்றார். மூவரும் சிரித்தார்கள்.

கடைக்குத் திரும்பியதும் டெய்சி கேட்ட கேள்விகளின் தன்மை மாறியிருந்தது. எஞ்சினைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கணவரை ஒவ்வொரு வண்டியின் பின்னிருக்கையிலும் உட்காரவைத்து, “மிதிங்க” என்றார். சிலுவைராஜ் மிதித்தார். சிவப்பு வண்டியில் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. இன்னொன்றில் பின்கம்பி இடுப்பில் குத்தியது. நூற்று இருபத்தைந்து சி.சி. கொண்ட கனமான சாம்பல் நிற வண்டி ஒன்றில் கால்தாங்கி தாழ்வாகவும் முன்தள்ளியும் இருந்தது. இருக்கை நீளமாகவும் மட்டமாகவும் இருந்தது. அவர் ஓங்கி மிதித்தும் இருக்கையை விட்டு எழும்பவில்லை.

“இன்னொருக்கா மிதிங்க.”

மிதித்தார். வண்டி இலேசாகக் குலுங்கி அடங்கியது.

“அக்கா, இது உங்களுக்குக் கனம். கால் முழுசா எட்டாது” என்று தமிழ்ச்செல்வன் எச்சரித்தார். அது சரியான எச்சரிக்கை. டெய்சியின் நுனிக்கால்தான் தரையைத் தொட்டது. நடுத்தாங்கியில் ஏற்ற மூன்று முறை முயன்று மூன்றாவதில்தான் முடிந்தது. ஊருக்குள் ஓட்ட அவருக்கு அது சிரமம் தரும் வண்டி.

“முன்னாடி இருக்குறவ பழகிக்குவேன் தம்பி. இவரு காலு பழகாது.”

“பழக்கிக்குவேன்” என்றார் சிலுவைராஜ்.

“பழகுற வரைக்கும் கண்ணு காத்திருக்குமா?”

அதே சாலையில் அந்தச் சாம்பல் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். முன்சக்கரம் பெரிது, டிஸ்க் பிரேக். பேருந்து தாண்டிய காற்றில் வண்டி அசைந்ததே தவிர விலகவில்லை. போய்த் திரும்பிய தூரத்தில் சிலுவைராஜ் பலமுறை மிதித்தார். டெய்சி ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

கத்தோலிக்கக் குடும்பங்களின் வழக்கப்படி புதிய வண்டி முதலில் வேளாங்கண்ணிக்குப் போயிற்று. ஃபாதர் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். பின்னிருக்கையின் மேலும் கொஞ்சம் தெளிக்கும்படி டெய்சி கேட்டுக்கொண்டார்.

அக்டோபர் 11 காலை சிதம்பரம் கிளம்பினார்கள். காரைக்கால் வண்டிக்காரர்கள் பலர் தலைக்கவசத்தைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு வந்து, மாநில எல்லையான நண்டலாற்றுப் பாலத்தில்தான், தமிழ்நாட்டு அபராதத்துக்குப் பயந்து, தலைக்கு ஏற்றுவார்கள். டெய்சி வீட்டு வாசலிலேயே இருவருக்கும் மாட்டிவிட்டார். திருக்கடையூருக்கு அப்பால் பின்னாலிருந்து பேருந்து ஒலி கேட்டது. “நம்ம வண்டிதான்” என்றார் சிலுவைராஜ், திரும்பாமலே. பேருந்து அருகில் வந்து வேகம் குறைத்தது. ஓட்டுநர் கார்த்திகேசன் இடப்பக்கம் திரும்பித் திறந்த முன்வாசல் வழியே, “அண்ணே! சீட்டு கிடைச்சிடுச்சு போல!” என்று கத்தினார்.

“ஆமாடா, ரிசர்வேஷன்!” என்று சிலுவைராஜ் கையை உயர்த்தினார். கால் மிதித்தது, வண்டி நேராகப் போயிற்று. கொள்ளிடம் பாலத்தில் மட்டும் மேற்குக் காற்று பலமாக இருந்தது. அங்கே தம் இரு கைகளையும் முதல்முறையாக மனைவியின் தோளில் வைத்துக்கொண்டார்.

நவம்பர், டிசம்பர் மழையிலும் அவர்கள் ஒரு சோதனையையும் விடவில்லை. 2026 ஜனவரி 10 அன்று அளந்தபோது அழுத்தம்: வலது கண் பதினாறு, இடது கண் பதினேழு.