யார் வீட்டு ஊசி

குப்பைப் பையை வாங்கியதும் வண்டிக்குள் போடமாட்டாள். கழுத்தைப் பிடித்து, உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்தி, இரண்டு குலுக்குக் குலுக்குவாள். காதைச் சாய்த்துக் கேட்பாள். உடைந்த கண்ணாடிக்கு ஒரு சத்தம், தீர்ந்துபோன பேட்டரிக்கு ஒரு சத்தம், பாதி மருந்து மிச்சமிருக்கும் கரப்பான் ஸ்ப்ரேவுக்கு இன்னொன்று. "சார், உள்ள பல்பு உடைஞ்சு கெடக்கு. தனியா அட்டைல சுத்திக் குடுங்க" என்பாள். சாரும் பையோடு மறுபடி படியேறுவார்.

தெருப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் குலுக்கல் அக்கா. "இன்னிக்குப் பரிசு யாருக்கு விழுந்துச்சு அக்கா?" என்று மாடியிலிருந்து கேட்பார்கள். "உங்க வீட்டுக்குத்தான். அழுகின தக்காளி ரெண்டு கிலோ" என்பாள். முப்பதுக்கு இரண்டு வயது குறைவு. அவள் பொறுப்பில் நாற்பத்திரண்டு வீடுகள், ஒரு தள்ளுவண்டி, அதன் பக்கவாட்டில் தொங்கும் சிவப்பு வாளி. பழைய பெயின்ட், காலாவதியான மாத்திரை, செல்போன் பேட்டரி என்று மற்றக் குப்பையோடு கலக்கக் கூடாத சாமான்களெல்லாம் அந்த வாளிக்குத்தான். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஜூஸ் பாட்டிலில் ஊற்றிவைத்திருக்கும் வீட்டைக் கண்டால் மட்டும் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். "தாகத்துல ஒரு ஆள் எடுத்துக் குடிச்சா யாரு பதில் சொல்றது?" என்று வாசலிலேயே பிடித்துக்கொள்வாள். பெரிய படிப்புப் படித்தவர்கள் எல்லாம் பாட்டிலும் கையுமாக நிற்பார்கள். நிற்கட்டும், நன்றாக வேண்டும்.

எவ்வளவு குலுக்கினாலும் வாயைத் திறக்காத சாமான் ஒன்று உண்டு. காகிதத்தில் சுற்றிய ஊசி.

இரண்டு வாரத்துக்கு முன்னால், தெரு முடிந்து, நிரம்பிய வண்டியில் பைகளை எல்லாம் சேர்த்து அமுக்கிக்கொண்டிருந்தாள். கையுறையைத் துளைத்துக்கொண்டு ஏதோ உள்ளங்கையில் ஏறியது. பிரித்துப் பார்த்தால், காய்கறித் தோலுக்கு நடுவே, செய்தித்தாளில் நாலு மடிப்பாகச் சுற்றி, யாரோ உடம்பில் போட்டுக்கொண்ட ஊசி. பத்திரமாகச் சுற்றிவிட்டதாகத்தான் அவர்கள் நினைத்திருப்பார்கள். அந்தப் பை எந்த வீட்டிலிருந்து வந்தது என்று சொல்ல வழியில்லை. கையைக் குழாயில் கழுவிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஊசி வழியாக எச்.ஐ.வி. மாதிரி நோய் எதுவும் தொற்றிவிடாமல் இருக்க, டாக்டரம்மா ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதினார். பிறகு, "கைக்குழந்தை இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது. ஏழு மாதப் பெண். "அப்போ பால் குடுக்காதேம்மா. உன் ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னு உறுதியாகறதுக்கு மூணு மாசம் ஆகும். அந்த ஊசி யாரோடதுன்னு தெரிஞ்சா, அவங்க ரத்தத்தைப் பாத்து ரெண்டே நாள்ல சொல்லிடலாம்."

அன்றிலிருந்து குழந்தை புட்டியைக் கையால் தட்டிவிடுகிறது. அம்மாவின் ரவிக்கையைப் பிடித்து இழுக்கிறது. அப்பா தூக்கிக்கொண்டு அறைக்கும் சமையற்கட்டுக்குமாக நடக்கிறார். இவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிய பாலைப் பீய்ச்சிச் சாக்கடையில் விடுகிறாள். பெற்றவளுக்கு இதைவிடக் கொடுமை வேறு என்ன வேண்டும்? "ஊரு குப்பையை எல்லாம் பாத்துப் பாத்துப் பிரிச்சுப் போடறேன். எம்புள்ளைக்கு உள்ளதைக் கீழ ஊத்துறேன்" என்று ஒருநாள் கணவரிடம் சொன்னாள். அவர் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு மறுபடி நடந்தார்.

மேற்பார்வையாளர் கொதித்துப் போனார். வீடு வீடாகச் சோதனை போடலாம், அபராதம் தீட்டலாம் என்றார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "வேணாம் சார். அபராதம்னா எல்லாரும் இல்லைன்னுதான் சொல்லுவாங்க. எனக்கு ஆள் மாட்ட வேணாம். ஆள் வந்தாப் போதும்."

தரை துடைக்கும் திரவம் வருகிற கெட்டி பாட்டில்கள் அவளுக்குக் குப்பையிலேயே கிடைக்கும். அவற்றைக் கழுவி, மூடியோடு வண்டியில் அடுக்கிக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். "வீட்டுல யாராவது ஊசி போட்டுக்கிட்டா, போட்ட கையோட இதுக்குள்ள போட்ருங்க. ஊசி மூடியைத் திரும்ப மாட்டறேன்னு விரலைக் குத்திக்காதீங்க. முக்கால்வாசி நிறைஞ்சதும் இறுக்கி மூடி என் கையில குடுங்க." இவ்வளவையும் கணீரென்று சொல்லிவிட்டு, குரலை இறக்கிக்கொள்வாள். "ஒரு ஊசி என் கையில ஏறிடுச்சு. யாரோடதுன்னு தெரிஞ்சா புள்ளைக்குப் பால் குடுக்கலாம். சத்தியமா திட்ட மாட்டேன்."

நாற்பத்திரண்டு வாசலிலும் இதைச் சொன்னாள். அடப் பாவமே என்றவர்கள் உண்டு. பார்த்து வேலை செய்யக் கூடாதா என்று புத்தி சொன்ன புண்ணியவான்களும் உண்டு. ஐந்து வீட்டில் பாட்டிலை வாங்கிக்கொண்டார்கள், ஆனால் காகிதத்தில் சுற்றிப் போடுகிற பழக்கம் எங்களுக்கு இல்லவே இல்லை என்றார்கள். எட்டாம் நம்பர் வீட்டு அம்மா பாதிக் கதவைத்தான் திறந்தார். "எங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று இவள் முடிப்பதற்குள் சாத்திவிட்டார். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரிந்த சங்கதி.

பன்னிரண்டாம் நாள் மார்பு கட்டவில்லை. வலி விட்டதே என்று முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது. பால் வற்றிக்கொண்டிருக்கிறது. இன்னும் சில நாள் போனால், யாருடைய ஊசி என்று தெரிந்தும் பிரயோசனம் இல்லை.

பதினான்காம் நாள் காலை. வண்டியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் பையும் கையுமாக நின்றிருந்தார்கள். எட்டாம் நம்பர் வீட்டுப் படியில் அந்தப் பெண் இறங்கி வந்தாள். மேலே அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வாடி, சொல்றேன்ல" என்றார். பெண் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, தோள்பட்டை வரைக்கும் சுருட்டினாள். மேற்கையில் புள்ளிப் புள்ளியாகத் தடங்கள்.

"அது என் ஊசிதான் அக்கா" என்றாள், பக்கத்தில் நிற்பவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "எனக்குப் பத்து வயசுலேர்ந்து சர்க்கரை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. தெரிஞ்சாக் கல்யாணம் நின்னுடும்னு அம்மாதான் சுத்திச் சுத்தி ஒளிச்சுப் போடறாங்க. ரத்தம் எங்க வந்து குடுக்கணும்?"

வரிசையில் நின்றவர்கள் என்ன ஏது என்று கழுத்தை நீட்டினார்கள்.

இரண்டு வாரமாக அவள் மனசுக்குள் இந்த ஆளிடம் கேட்கவேண்டிய கேள்விகளை எல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். இரண்டு கையுறைகளையும் உருவி வண்டியின் மேல் போட்டாள். கைகளை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிப் பெண்ணை மறைத்து நின்றுகொண்டு, அவளுடைய சட்டைக் கையை மெதுவாகக் கீழே இழுத்துவிட்டு, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுவிட்டாள்.