டெய்லர் அக்கா ஓட்டிய வண்டி

டெய்லர் அக்காவின் வாயில் எந்தச் செய்தியும் தங்காது. அன்றைக்குக் கிடைத்ததோ அவளை வாசலுக்கே துரத்திய செய்தி. சட்டைக்கு அளவு கொடுக்க வந்திருந்த பஸ் டிரைவர், இரண்டு கையையும் விரித்து நின்றபடியே சொன்னார்.

"இந்த மாசக் கடைசியோட நம்ம ஊர் பஸ் கிடையாது அக்கா. ஆள் ஏறலையாம், நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"என்னது!" என்றவள், கழுத்தில் டேப் தொங்கத் தெருவுக்கு ஓடினாள். கையை இறக்கலாமா கூடாதா என்று தெரியாமல் டிரைவர் வெகுநேரம் சிலுவை மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

முதலில் ஊரைவிட்டு பேங்க் போனது. ஊர் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, பணம் எடுக்க பஸ் ஏறி டவுனுக்குப் போனது. அப்புறம் தபால் ஆபீஸுக்குப் பூட்டு விழுந்தது. அதற்கும் பஸ் ஏறியது. இப்போது அந்த பஸ்ஸுக்கே ஆபத்து என்றால் எதில் ஏறுவது?

சாயங்காலம் ஊர்ச் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். ஆளாளுக்கு அரசாங்கத்தைத் திட்டினார்கள். திட்டி ஓய்ந்த நேரத்தில் டெய்லர் அக்கா எழுந்தாள்.

"நாமளே ஒரு வேன் வாங்கி விட்டா என்ன?"

"யாரு ஓட்டுறது? வயசுப் பசங்க எல்லாம் டவுன்ல வேலைக்குப் போயிட்டாங்களே" என்றார் சங்கத் தலைவர்.

"நான் ஓட்டுறேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. எதிர்வரிசையில் மளிகைக் கடைக்கார நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணி, நீங்க சைக்கிள் ஓட்டி எங்க வீட்டுக் கோழிக்கூண்டுக்குள்ள போனதை இன்னும் கோழிங்களே மறக்கலை."

அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. நல்லவேளை, தைத்தது. இல்லாவிட்டால் மறுநாளே பின்வாங்கியிருப்பாள்.

டவுனில் ஒரு பள்ளிக்கூடம் கழித்துக் கட்டிய பழைய மஞ்சள் வேனைச் சங்கம் வாங்கியது. பஸ் டிரைவருக்கு வேறு ரூட் கொடுத்திருந்தார்கள். லீவு நாளில் வந்து மைதானத்தில் கற்றுக்கொடுத்தார்.

"அக்கா, அது தையல் மெஷின் இல்லை! இப்படி மிதிச்சா வண்டி தவளை மாதிரித்தான் தாவும். மெதுவா விடுங்க, மெதுவா!"

முதல் லைசென்ஸ் டெஸ்டில், மேட்டில் வண்டி அணைந்து பின்னால் உருண்டது. அதிகாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு "இறங்கும்மா" என்றார். வீட்டுக்கு வந்து அழுதாள். அழுதுகொண்டே மூன்று சட்டைக்குப் பட்டன் தைத்தாள். இரண்டாவது டெஸ்டில் அதே மேட்டை வேன் முக்கி முனகி ஏறியது. லைசென்ஸ் வந்த அன்று அதைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனாள். வீட்டில் சோறு குழைந்துபோனது. எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் புருஷன் அதையும் வாய் திறக்காமல் சாப்பிட்டார்.

அதற்குள் அடுத்த இடி விழுந்தது. பஸ் வந்து நின்றுகொண்டிருந்த இடத்தில் ஒரு கல் கட்டடம் உண்டு. ஊருக்கு முதல் பஸ் வந்த காலத்தில், ஆற்றிலிருந்து ஊர்க்காரர்களே கல் சுமந்து கட்டியது. ஓட்டுக் கூரை, உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று குழி விழுந்த கல் பெஞ்சு. 'பஸ்ஸே வராத இடத்தில் இது எதற்கு?' என்று, ரோட்டை அகலப்படுத்த அதை இடிக்கப் போகிறார்களாம். திங்கட்கிழமை காலை மெஷின் வரும். வேனுக்கு அனுமதி கிடைத்ததோ வெள்ளிக்கிழமை.

"அப்போ திங்கட்கிழமையே முதல் வண்டி!" என்றாள் டெய்லர் அக்கா.

திங்கட்கிழமை விடிந்ததும் இடிக்கும் மெஷின் உறுமிக்கொண்டு வந்து நின்றது. கல் கட்டடத்துக்குள்ளே கூடையும் பையுமாக ஊரே உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில், வேறு யார், நாத்தனார்தான்.

"எழுந்திரிங்கம்மா, இடிக்கணும்" என்றார் மெஷின்காரர்.

"வண்டிக்குக் காத்துக்கிட்டு இருக்கோம்ல?"

"இங்க வண்டியே வராதுன்னு சொன்னாங்களே?"

அவர் கேட்டு வாய் மூடவில்லை, மேட்டில் ஹாரன் அலறியது. மஞ்சள் வேன் ஆடிக் குலுங்கி இறங்கி வந்தது. டெய்லர் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தாள். மெஷினின் இரும்புக் கைக்கு ஒரு சாண் முன்னால் வேன் நின்றது.  உடனே எழுந்த கூச்சலில் கூரை ஓடு அதிர்ந்தது.

மெஷின்காரர் போனை எடுத்தார். "சார், ஆளுங்க இருக்காங்க... ஒண்ணு ரெண்டு இல்ல சார், ஊரே இருக்கு. வண்டியும் வருது சார்... ஆமா சார், என் மேலயே வருது!"

மெஷின் திரும்பிப் போனது. பயந்து பயந்து வேனில் ஏறிய நாத்தனார், டவுன் போய்ச் சேருவதற்குள், "எங்க அண்ணிக்கு நான்தான் தைரியம் சொன்னேன்" என்று பக்கத்துச் சீட்டுக்காரியிடம் அளந்துகொண்டிருந்தாள்.

எல்லாமே நல்லபடியாக முடிந்துவிடவில்லை. ரோட்டை எதிர்ப்பக்கம் அகலப்படுத்தினார்கள். அங்கே பூட்டிக் கிடந்த தபால் ஆபீஸ் தரைமட்டமானது. அன்று டெய்லர் அக்கா வேனை ஓரங்கட்டினாள். வேனில் இருந்த யாரும் "நேரமாச்சு, எடு" என்று சொல்லவில்லை. அதன் வாசலில் இருந்த சிவப்புத் தபால் பெட்டியையாவது காப்பாற்றியிருக்கலாமே என்று அவளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அந்த ஆத்திரத்தோடு மறுநாளே டவுன் பேங்குக்குள் நுழைந்து மேனேஜர் முன்னால் நின்றாள்.

"நாங்க வாராவாரம் உங்ககிட்ட வர்றோம்ல சார், நீங்க ஒரு நாள் எங்ககிட்ட வந்தா என்ன? கூட்டிட்டுப் போக வண்டி இருக்கு. உட்காரக் கல் பெஞ்சு இருக்கு."

மேனேஜர் சிரித்தார், யோசித்தார், மேலிடத்தில் கேட்டார். ஒருவழியாக ஒரு புதன்கிழமை, மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி ஒரு பேங்க் ஊழியர் மஞ்சள் வேனின் முன் சீட்டில் ஊருக்கு வந்தார். இறங்கும்போது முகம் வெளிறியிருந்தது.

"எப்பவுமே இந்த வேகம்தானாம்மா?"

"இன்னைக்கு நீங்க இருக்கீங்கன்னு மெதுவா வந்தேன் சார்" என்றாள் டெய்லர் அக்கா.